கா லோகோ: கலிங்கு இல்லாத மண் அணையும் யாரும் போய்ப் பார்க்காத 19 ஆண்டுகளும்

ஹவாய்த் தீவுகளில் கவாய் தீவின் வடகரையில், 2006 மார்ச் 14 அன்று, பொழுது விடிவதற்கு முன்பே கா லோகோ அணை உடைந்தது. சுமார் 40 கோடி கேலன், அதாவது ஏறக்குறைய 15 லட்சம் கன மீட்டர் தண்ணீர் வைலாபா ஓடை வழியாகக் கடலை நோக்கி இறங்கியது. வழியில் மோரிட்டா என்ற சிறிய நீர்த்தேக்கத்தின் கரையையும் அடித்துக்கொண்டு, கூஹியோ நெடுஞ்சாலையைத் தாண்டி, அதற்குக் கீழே ஓடையோரம் இருந்த வீடுகளை வாரிக்கொண்டு போனது. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரு சிறு குழந்தை உண்டு, கருவுற்றிருந்த ஒரு பெண்ணும் உண்டு. எல்லாரும் தூக்கத்தில் இருந்த நேரம். எச்சரிக்கை மணி இல்லை, தொலைபேசி அழைப்பு இல்லை. மேலே ஓர் அணை இருக்கிறது என்ற நினைப்பே இல்லாமல் வாழ்வதற்கு அவர்களுக்கு எல்லா நியாயமும் இருந்தது. அந்த அணையால் யாருக்கும் பெரிய ஆபத்து இல்லை என்றுதான் அரசுப் பதிவேடே சொன்னது.

இந்த நிகழ்வை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அதன் அளவு. பெரிய அணைகளைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். அவற்றுக்குப் பொறியாளர்கள், கருவிகள், கண்காணிப்பு அறைகள் எல்லாம் உண்டு. கா லோகோ சுமார் 40 அடி உயரமுள்ள பழைய மண் கரை. தனியார் நிலத்தில், புதர்களுக்கு நடுவே கிடந்தது. உலகில் இருக்கும் அணைகளில் பெரும்பான்மை இந்த மாதிரிதான். அமெரிக்காவின் தேசிய அணைப் பட்டியலில் மட்டும் 90,000-க்கு மேல் அணைகள் இருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் தனியாருக்குச் சொந்தமானவை, பெரும்பாலானவை மண் அணைகள்.

கா லோகோவைக் கட்டியது கரும்பு. 1890 வாக்கில் கிலாவேயா சர்க்கரைத் தோட்ட நிறுவனம் பாசனத்துக்காக இந்த நீர்த்தேக்கத்தை அமைத்தது. ஹவாயில் இன்றைக்குக் கணக்கில் இருக்கும் அணைகளில் மிகப் பல இப்படிச் சர்க்கரைத் தோட்டங்கள் எழுப்பியவை. மண்ணை வெட்டிக் கொட்டி, மிதித்து இறுக்கிய கரைகள். இன்றைய அளவுகோலில் வடிவமைப்பு என்று சொல்ல எதுவும் கிடையாது. ஆனால் தோட்டம் ஓடிக்கொண்டிருந்த வரைக்கும் ஒரு காப்பு இருந்தது. கரையில் தினமும் ஆள் நடமாட்டம் இருந்தது. கால்வாயைத் திறக்க, அடைக்க, செடி வெட்ட, அடைப்பு எடுக்க என்று அந்தத் தண்ணீரை நம்பிச் சம்பளம் வாங்கும் ஆட்கள் இருந்தார்கள். மழை வலுத்தால் அவர்கள் கண் முதலில் போகும் இடம் கரைதான்.

1971-இல் கிலாவேயாவில் கரும்பு நின்றது. ஆட்கள் போய்விட்டார்கள், அணை மட்டும் அங்கேயே இருந்தது. அதன்பின் நிலம் ஒரு கை, தண்ணீர் ஒரு கை, பராமரிப்பு யார் கை என்றே தெரியாது என்ற நிலை வந்தது. நீர்த்தேக்கத்தின் ஒரு பகுதி ஓர் அறக்கட்டளையின் நிலத்தில் இருந்தது. அணை இருந்த பகுதியை 1987-இல் வாகன விற்பனைத் தொழிலில் பெயர் பெற்ற ஒரு செல்வந்தர் வாங்கினார். தண்ணீரை விவசாயிகளுக்கு விற்றது வேறொரு பாசன நிறுவனம். பழைய தோட்டத்தை வைத்திருந்த பெருநிறுவனத்தின் ஒப்பந்தங்கள் இன்னொரு பக்கம். ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள் இருந்தது. அணையைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் வேறு யாரோ என்று வாதாட அந்தத் தாள் போதுமானதாகவும் இருந்தது.

அதே 1987-இல்தான் ஹவாய் மாநிலம் அணைப் பாதுகாப்புக்கென்று தனிச் சட்டம் இயற்றியது. நிலம் மற்றும் இயற்கை வளத் துறையிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது ஒவ்வொரு அணையையும் ஆய்வு செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. அணை உடைந்த நாள் வரைக்கும் அந்தத் துறையின் ஆய்வாளர் யாரும் கா லோகோ கரையில் கால் வைக்கவில்லை.

சரி, அணை ஏன் உடைந்தது?

2006 பிப்ரவரி கடைசியில் தொடங்கிய மழை ஹவாயில் நாற்பது நாட்கள் போல நீண்டது. கவாய் சும்மாவே மழைக்குப் பேர் போன தீவு. அதன் நடுவிலுள்ள வையாலேயாலே மலை உலகில் மிக அதிகம் மழை பெறும் இடங்களில் ஒன்று. அந்த மார்ச்சில் மண் முழுக்க ஊறி, இனி ஒரு சொட்டையும் உள்வாங்க முடியாத நிலைக்கு வந்திருந்தது. பெய்ததெல்லாம் ஓடி நீர்த்தேக்கத்தில் சேர்ந்தது. மழை பெருமழைதான், மறுக்கவில்லை. ஆனால் அணை என்றால் பெருமழையும் கணக்கில் வரத்தான் வேண்டும். அதற்காகத்தான் கலிங்கு, அதாவது மிகுதித் தண்ணீர் கரையைத் தாண்டாமல் வெளியேறும் வழி, வைக்கிறோம்.

மண் அணையின் உயிர் கலிங்கில் இருக்கிறது. கான்கிரீட் அணையின் மேல் தண்ணீர் வழிந்தால் பல சமயம் அது தாங்கிக்கொள்ளும். மண் கரைக்கு அந்தச் சக்தி கிடையாது. கரையின் உச்சி எல்லா இடத்திலும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. நூறாண்டு பழைய கரை நடுவில் கொஞ்சம் அமுங்கியிருக்கும், அல்லது வண்டி போய்ப் போய்ப் பள்ளம் விழுந்திருக்கும். தண்ணீர் முதலில் அந்தத் தாழ்ந்த இடத்தில்தான் தாண்டும். முதலில் மெல்லிய படலமாகப் பின்சரிவில் இறங்கும். புல் அடர்த்தியாக இருந்தால் சற்று நேரம் தாங்கும். புல் இல்லாத ஒரு திட்டில், அல்லது ஒரு மரத்தின் தூரைச் சுற்றி, மண் பெயர்ந்து சிறு படி ஒன்று உருவாகும். தண்ணீர் அந்தப் படியிலிருந்து குதித்து விழ விழ அடி குடையப்பட்டு, மேல் சரிந்து, படி கொஞ்சம் கொஞ்சமாக நீர்த்தேக்கத்தை நோக்கிப் பின்னோக்கி நகரும். அது கரையின் முன்விளிம்பைத் தொட்டதும் கதை முடிந்தது. அதுவரை வழிந்துகொண்டிருந்த தண்ணீர் இப்போது வெட்டு வழியாகப் பாயும். பாய்ச்சல் வெட்டை ஆழமாக்கும், ஆழம் பாய்ச்சலைக் கூட்டும். அதற்குப் பிறகு மனிதர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

கலிங்கு என்ன செய்கிறது என்பதைச் சின்னக் கணக்கில் பார்க்கலாம். இது கா லோகோவின் அளவில்லை, விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட அளவு. 10 ஹெக்டேர் பரப்புள்ள ஒரு நீர்த்தேக்கம். மழையில் விநாடிக்கு ஒரு கன மீட்டர் தண்ணீர் வந்து சேர்கிறது. வெளியேற வழி இல்லை. மணிக்கு 3,600 கன மீட்டர் சேரும். நீர்மட்டம் மணிக்கு 3.6 சென்டிமீட்டர் ஏறும். கரையின் உச்சிக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு மீட்டர் இடைவெளி இருந்தால், 28 மணி நேரத்தில் அது தீர்ந்துவிடும். நின்று பார்ப்பவர் கண்ணுக்கு ஏறுவதே தெரியாது. இப்போது கரையின் ஓரத்தில், உறுதியான தரையில், ஐந்து மீட்டர் அகலத்துக்கு ஒரு கலிங்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் அரை மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் ஓடினால், விநாடிக்குச் சுமார் மூன்று கன மீட்டர் வெளியேறும். வரத்தைப்போல மூன்று மடங்கு. நீர்மட்டம் அந்த அரை மீட்டரைக்கூட எட்டாது, அதற்குள்ளேயே வரத்தும் போக்கும் சமமாகிவிடும். ஐந்து மீட்டர் அகலமுள்ள ஓர் எளிய வெட்டு, அவ்வளவுதான் வேண்டியது.

கா லோகோவில் அந்த வெட்டு இல்லை. அணை உடைந்தபின் மாநில அரசு நியமித்த சுயேச்சையான விசாரணை அதிகாரி 2007 ஜனவரியில் அறிக்கை கொடுத்தார். வேலை செய்யும் நிலையில் கலிங்கு இல்லாததால் தண்ணீர் கரை மேல் வழிந்து அணை உடைந்திருக்க வேண்டும் என்பதே அதன் மைய முடிவு. பழைய கலிங்கு ஒன்று இருந்தது என்றும், 1990-களின் பிற்பகுதியில் அங்கு நடந்த மண் வேலையில் அது நிரப்பப்பட்டதற்கான சான்றுகள் கிடைத்தன என்றும் அறிக்கை சொன்னது. உரிமையாளர் தரப்பு இதைக் கடைசிவரை மறுத்தது. அணையின் நிலைக்கு மற்றவர்களும் அரசுமே பொறுப்பு என்று வாதிட்டது.

யார் நிரப்பினார்கள் என்பது நீதிமன்றத்தின் கேள்வி. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. கலிங்கு இல்லை என்பது நிலத்தடியில் மறைந்த குறையே கிடையாது. கசிவு கரைக்குள்ளே ஒளிந்திருக்கும், அடித்தளக் குறையைத் துளையிட்டுத்தான் பார்க்க வேண்டும். கலிங்கு இல்லாததைப் பார்க்க ஒரு ஜோடி கண் போதும். கரையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து, ‘தண்ணீர் நிரம்பினால் எங்கே வெளியேறும்?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால், அன்றைக்கே விஷயம் வெளியே வந்திருக்கும். அந்தக் கேள்வியைக் கேட்கச் சட்டப்படி கடமைப்பட்டவர்கள் 19 ஆண்டுகள் போகவில்லை.

ஏன் போகவில்லை என்பதுதான் இந்த நிகழ்வில் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம்.

அணைகளை ஆபத்து வகைப்படி மூன்றாகப் பிரிப்பது அமெரிக்க வழக்கம்: உயர் ஆபத்து, குறிப்பிடத்தக்க ஆபத்து, குறைந்த ஆபத்து. இந்த வகைக்கும் அணையின் உடல்நிலைக்கும் தொடர்பு கிடையாது. அணை உடைந்தால் கீழே என்ன நேரும் என்பது மட்டுமே அளவுகோல். புத்தம் புதிய, உறுதியான அணையின் கீழே ஒரு பள்ளிக்கூடம் இருந்தால் அது உயர் ஆபத்து. இடிந்து கிடக்கும் அணையின் கீழே வெறும் காடு என்றால் குறைந்த ஆபத்து. பொதுமக்கள் மட்டுமில்லை, அதிகாரிகளும் உரிமையாளர்களும்கூட இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். ‘குறைந்த ஆபத்து’ என்று தாளில் படித்ததும், அணை நல்ல நிலையில் இருக்கிறது என்று மனம் எடுத்துக்கொள்கிறது.

கா லோகோ குறைந்த ஆபத்து என்று பதிவாகியிருந்தது. கீழே ஓடையோரம் வீடுகள் இருந்தன, ஒரு முக்கிய நெடுஞ்சாலை குறுக்கே போனது. அந்த வகைப்பாடு தவறு என்பதற்கு ஏழு உயிர்கள் சாட்சி. ஆனால் அதைத் திருத்தும் வழி அடைபட்டிருந்தது. துறையில் ஆட்கள் மிகக் குறைவு. மாநிலத்தில் அணைகளோ 130-க்கு மேல். ஆள் இல்லாத துறை என்ன செய்யும்? உயர் ஆபத்து அணைகளை முதலில் பார்க்கும், குறைந்த ஆபத்து அணைகள் கடைசிக்குப் போகும். கடைசியில் இருக்கும் அணைக்கு யாரும் போகாததால் அதன் கீழே என்ன இருக்கிறது என்றும் யாரும் பார்க்கவில்லை. பார்க்காததால் வகை மாறவில்லை. வகை மாறாததால் மறுபடியும் போகவில்லை. ஒரு தடவை தவறாக விழுந்த முத்திரை தன்னைத்தானே காப்பாற்றிக்கொண்டது.

வகை சரியாக இருந்தாலும் அது நிலைத்து நிற்பதில்லை. அணை கட்டும்போது கீழே வயல் இருக்கும். இருபது ஆண்டு கழித்து அங்கே ஒரு வீடு வரும், பிறகு பத்து வீடு. வீடு கட்ட அனுமதி கொடுக்கும் அலுவலகத்துக்கு அணைப் பதிவேடு தெரியாது; அணைத் துறைக்குக் கட்டட அனுமதி தெரியாது. அணையில் ஒரு கூடை மண்கூட மாறாமல், அதன் ஆபத்து வகை மட்டும் மேலே ஏறிக்கொண்டே போகும். இரண்டு அலுவலகங்களின் வரைபடங்களை ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்ப்பது இன்றைக்கு ஒரு மணி நேர வேலை. சிறு அணைகள் விஷயத்தில் இவ்வளவு மலிவான, இவ்வளவு பலன் தரும் வேலை வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இன்னொரு கதவும் திறந்து மூடியது. 1997-இல் கவாய் கவுன்டியின், அதாவது மாநிலத்துக்குக் கீழுள்ள உள்ளாட்சியின், ஆய்வாளர்கள் அந்த நிலத்தில் அனுமதி இல்லாமல் மண் வேலை நடப்பதைக் கவனித்தார்கள். வேலையை நிறுத்தச் சொல்லி ஆணையும் போயிற்று. ஆனால் அது தொடர்ந்து அமல்படுத்தப்படவில்லை என்று விசாரணை அறிக்கை பதிவு செய்தது. மண் வேலைக்கு அனுமதி தருவது கவுன்டி, அணையைக் கண்காணிப்பது மாநிலம். கரையோரம் இயந்திரம் மண் தள்ளுகிறது என்ற செய்தி ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொரு அலுவலகத்துக்குப் போயிருந்தால், குறைந்த ஆபத்து என்ற முத்திரையையும் மீறி யாராவது ஒருவர் வந்து பார்க்க நல்ல காரணம் கிடைத்திருக்கும்.

அப்புறம் வழக்குகள். 2008 நவம்பரில் உரிமையாளர் மீது ஏழு மனிதக்கொலைக் குற்றச்சாட்டுகளும், பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்ததாக ஒரு குற்றச்சாட்டும் பதிவாயின. இறந்தவர்களின் குடும்பங்கள் தொடுத்த உரிமையியல் வழக்குகள் 2009-இல் உடன்பாட்டில் முடிந்தன. குற்ற வழக்கு 2013 வரை இழுத்தது. கடைசியில் மனிதக்கொலைக் குற்றச்சாட்டுகள் அவர் மீதிருந்து விலக்கப்பட்டன. ஆபத்து விளைவித்த குற்றச்சாட்டை அவர் எதிர்க்கவில்லை. மனிதக்கொலைக் குற்றச்சாட்டுகளை அவருடைய நிறுவனமும் எதிர்க்கவில்லை. 2014 அக்டோபரில் அவருக்கு ஏழு மாதச் சிறைத் தண்டனை. குடும்பங்கள் எட்டரை ஆண்டுகள் காத்திருந்தன. ஒரு மண் கரைக்கு ஐந்தாறு தரப்பு பாதிப் பொறுப்பும் கால் பொறுப்புமாகப் பங்கு போட்டிருந்தால் நீதி எவ்வளவு மெதுவாக நகரும் என்பதற்கு இந்தத் தேதிகளே போதும்.

சட்டமும் மாறியது. உடைந்த சில வாரங்களுக்குள் ராணுவப் பொறியாளர் படையும் மாநிலத் துறையும் சேர்ந்து ஹவாயின் அணைகளை நேரில் போய்ப் பார்த்தன. இருபதாண்டாக ஆள் இல்லை, நேரம் இல்லை என்றிருந்த வேலை சில வாரங்களில் நடந்தது. இதைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. 2007-இல் புதிய அணை மற்றும் நீர்த்தேக்கப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உயரம் 25 அடி அல்லது கொள்ளளவு 50 ஏக்கர்-அடியை (ஓர் ஏக்கரில் ஓரடி ஆழத்துக்கு நிற்கும் தண்ணீர் ஓர் ஏக்கர்-அடி) எட்டும் அணைகள் அதன் வரம்புக்குள் வருகின்றன. மிகச் சிறியவற்றுக்கு விலக்கு உண்டு. தண்ணீர் தேக்கவே அனுமதிச் சான்று வேண்டும். ஆய்வாளர் உள்ளே நுழையும் அதிகாரம் வலுவாக்கப்பட்டது. மீறினால் நாளொன்றுக்கு 25,000 டாலர் வரை அபராதம். ஆபத்தான அணைகளுக்கு அவசரகாலத் திட்டம் கட்டாயம்.

இப்படி உயிர்கள் போனபின் சட்டம் வருவது கா லோகோவில் தொடங்கிய பழக்கமில்லை. வேல்ஸ் நாட்டின் டோல்காரோக் கிராமத்தில் 1925 நவம்பரில் ஒரு நிறுவனத்தின் மேலணை உடைந்து, அந்த வெள்ளம் கீழே இருந்த கோட்டி மண் அணையையும் உடைத்தது. 16 பேர் இறந்தார்கள். பிரிட்டனில் நீர்த்தேக்கப் பாதுகாப்புக்கான முதல் சட்டம் 1930-இல் வந்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டொக்கோவா நீர்வீழ்ச்சிக்கு மேலே இருந்த கெல்லி பார்ன்ஸ் அணை 1977 நவம்பர் 6 நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்கு உடைந்து 39 பேரைக் கொன்றது. அதுவும் சுமார் 40 அடி மண் அணை, தனியார் கல்லூரி ஒன்றுக்குச் சொந்தம். 1973-இல் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படத்தில் அதன் பின்சரிவு சரிந்திருப்பது தெரிகிறது. நான்காண்டுகள் அந்தச் சரிவு எல்லார் கண்ணெதிரிலும் இருந்தது. தனியார், மாநில அணைகளை ஆய்வு செய்ய 1972-லேயே நாடாளுமன்றம் சட்டம் போட்டிருந்தும் பணம் ஒதுக்கப்படாமல் கிடந்தது. டொக்கோவாவுக்குப் பிறகுதான் ஆய்வு உண்மையில் தொடங்கியது. 1981 வரை சுமார் 8,800 அணைகளைப் பார்த்தார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒன்று பாதுகாப்பற்றது. பார்க்கத் தேர்ந்தெடுத்தது பெரும்பாலும் உயர் ஆபத்து என்று பதிவானவற்றை. கா லோகோ மாதிரி அணைகள் அந்தச் சல்லடையில் விழவே இல்லை.

கென்யாவின் நகுரு மாவட்டத்தில் சோலாய் என்னும் இடத்தில் 2018 மே 9 இரவு ஒரு பெரும்பண்ணையின் மண் அணை உடைந்தது. நாற்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அணைக்கு முறையான அனுமதி இல்லை என்று அதிகாரிகள் பிறகு சொன்னார்கள். அதே பண்ணையில் இன்னும் அணைகள் இருந்தன. உடைந்த பிறகே அவற்றை ஆராய்ந்தார்கள். மூன்று கண்டங்கள், மூன்று காலங்கள். கரையில் யாரும் நடக்காதது மட்டும் பொது.

கரையில் நடப்பது என்றால் என்ன என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் சிறு அணையின் உரிமையாளருக்கு இது பொறியாளர் சமாச்சாரம் என்ற தயக்கம் இருக்கிறது. முக்கால்வாசி வேலை பார்வைதான். கரையின் ஒரு முனையில் நின்று உச்சியின் கோட்டைக் கண்ணால் பிடித்துப் பார்த்தால், எங்கே அமுங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். பின்சரிவில் இறங்கும்போது, வறண்ட காலத்தில் ஒரு திட்டு மட்டும் பசுமையாக இருந்தால் அங்கே கசிவு. சரிவு வயிறு தள்ளினாற்போல் உப்பியிருந்தாலோ, உச்சியில் கரைக்கு இணையாக நீளவாக்கில் வெடிப்பு இருந்தாலோ, அன்றைக்கே பொறியாளரை அழைக்க வேண்டும். விலங்குகள் தோண்டிய வளையும் மரமும் ஒன்றுக்கொன்று குறைந்தவை இல்லை. மரம் பட்டுப்போனபின் வேர் மக்கிக் கரைக்குள்ளே தண்ணீருக்குக் குழாய் போட்டுக் கொடுத்துவிடும்.

அடிவாரத்தில் கசிவு இருப்பதாலேயே பயப்பட வேண்டாம். எல்லா மண் அணையும் கொஞ்சம் கசியும். எவ்வளவு, எந்த நிறம் என்பதுதான் பார்க்க வேண்டியது. ஒரு வாளியில் பிடித்து, நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று கடிகாரத்தில் பார்த்து, அன்றைய நீர்மட்டத்தோடு சேர்த்து நோட்டில் எழுதுங்கள். அதே தண்ணீரைக் கண்ணாடிச் சீசாவில் பிடித்து ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் மெல்லிய வண்டல் படிந்தால், கரையின் உள்ளே இருக்கும் மண் கரைந்து வெளியே வருகிறது என்று பொருள். உள்ளரிப்பு இப்படித்தான் தொடங்கும், வெளியே கரை முழுசாகத் தெரியும்போதே. நீர்மட்டம் மாறாமல் கசிவு மட்டும் கூடினாலும் அதே எச்சரிக்கை.

மதகுக் குழாயைத் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய அணைகளில் கரையின் அடியில் ஓர் இரும்புக் குழாய் ஓடும். அடைப்பான் நீர்ப்பக்கத்தில் இருந்தால், மூடியிருக்கும் நேரத்தில் குழாய் காலியாக இருக்கும். பின்பக்கத்தில் இருந்தால், குழாய் எப்போதும் அழுத்தத்தோடு நிறைந்திருக்கும். துருப்பிடித்து ஒரு துளை விழுந்தாலும் அந்த அழுத்தம் கரையின் வயிற்றுக்குள் பாயும். பல உரிமையாளர்களுக்குத் தங்கள் அடைப்பான் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரிவதில்லை, அது கடைசியாக எப்போது திறந்தது என்றும் தெரிவதில்லை. திறக்காத அடைப்பான் என்றால், பெருமழைக்கு முன் நீர்மட்டத்தைக் குறைக்க வழியே இல்லை என்று அர்த்தம்.

அவசரகாலத் திட்டம் என்று சொன்னால் தடிமனான கோப்பு ஒன்று ஞாபகத்துக்கு வருகிறது. சிறு அணைக்கு ஒரே தாள் போதும். உடைந்தால் தண்ணீர் எந்தெந்த வீட்டுக்கு, எத்தனை நிமிடத்தில் போகும். கரையில் என்ன தெரிந்தால் அழைக்க வேண்டும். விடிகாலை நான்கு மணிக்கு யார் யாரை எந்த எண்ணில் அழைப்பது. வைலாபா ஓடையோரம் தூங்கியவர்களுக்குப் பத்து நிமிட அவகாசம் கிடைத்திருந்தால் மேட்டில் ஏறியிருக்கலாம். அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுக்க, அந்த மழை இரவில் கரையைப் பார்க்க ஓர் ஆளும் ஒரு தொலைபேசி எண்ணும் வேண்டியிருந்தது.

கண்காணிப்பவர் பக்கம் வந்தால், ஆய்வுக்குப் போகும் வரிசையை ஆபத்து வகையை வைத்து மட்டும் போடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கடைசியாக எப்போது பார்த்தோம் என்ற தேதிக்கும் சம எடை வேண்டும். ஒருமுறைகூடப் பார்க்காத அணை, எந்த வகையில் இருந்தாலும், வரிசையில் முதலில் வர வேண்டும்; அதன் வகை என்னவென்று உண்மையில் நமக்குத் தெரியாது என்பதால்தான். அதோடு ஓர் அணைக்குப் பதிவேட்டில் பொறுப்பாளர் ஒருவரே இருக்க வேண்டும். நிலம், தண்ணீர், கரை என்று உரிமை பிரிந்திருந்தால், பிரித்துக்கொண்டவர்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொண்டு ஒரு பெயரைக் கொடுக்கட்டும், கொடுக்கும் வரைக்கும் தண்ணீர் தேக்க அனுமதி கிடையாது என்று சட்டம் சொன்னால், ஒப்பந்தங்கள் தானாகவே தெளிவாகிவிடும்.

ஆய்வு, சட்டம், அபராதம் எல்லாம் சரியாக நடந்தாலும் மிச்சம் நிற்பது பணம். கரும்பு இருந்தபோது தண்ணீர் வருமானம் தந்தது. இப்போது அதே கரை செலவு மட்டுமே. புதிய கலிங்கு கட்டுவது சிறு உரிமையாளருக்கு நிலத்தின் விலையையே தொடலாம். ஹவாயிலேயே இதற்கு உதாரணம் உண்டு. ஒவாஹு தீவின் வஹியவா அணை 1906-இல் சர்க்கரைத் தோட்டத்துக்காகக் கட்டப்பட்டு, 1921-இல் இடிந்து, மீண்டும் கட்டப்பட்டது. அது உயர் ஆபத்து அணை. அதன் கலிங்கு இன்றைய பெருவெள்ளக் கணக்குக்குப் போதாது என்று மாநிலம் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தது, உரிமையாளரான நிறுவனத்துக்கு அபராதமும் விதித்தது. இந்த முறை குறை தெரியும், பதிவேட்டில் இருக்கிறது, ஆய்வாளர் போய் வந்திருக்கிறார். இருந்தும் கலிங்கு பெரிதாகவில்லை. கடைசியில் 2023-இல் அந்தப் பாசன அமைப்பை அரசே எடுத்துக்கொள்ள வழிசெய்யும் சட்டம் நிறைவேறியது.

அரசு எடுத்துக்கொள்வது எல்லாச் சிறு அணைக்கும் நடக்கிற காரியம் கிடையாது. தேவையில்லாத அணைக்கு இன்னொரு வழி, கரையை முறைப்படி வெட்டித் திறந்து ஓடையை ஓடையாக விடுவது. அதற்கும் செலவு உண்டு, தேங்கிய வண்டலை என்ன செய்வது என்ற சிக்கல் உண்டு. ஆனால் அது ஒருமுறைச் செலவு. தண்ணீரை யாரும் பயன்படுத்தாத, வருமானம் இல்லாத, கீழே வீடுகள் வந்துவிட்ட அணைகளுக்கு மானியம் கொடுத்தாவது இதைச் செய்ய வைக்கலாம். கா லோகோவைப்போல 1890-இல் எழுந்த கரைகளுக்கு இப்போது வயது 130 தாண்டிவிட்டது. அவற்றின் மேல் விழப்போகும் மழைக்கு அவற்றைக் கட்டியவர்கள் கணக்குப் போட்டிருக்கவில்லை.